ஒன்பதாவது லோட் கேஸை எடுக்கலாமா?

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பேரைச் சொல்லி மானத்தை வாங்கப் போவதில்லை. "மேடம், நம்ம டெம்ப்ளேட்ல ஒன்பதாவதா ஒரு லோட் கேஸ் இருக்கு. 'கஸ்தூரி'ன்னு பேர் போட்டிருக்கு. அது இருக்கிறவரைக்கும் வெயிட் குறையவே மாட்டேங்குது. யாரோ டெஸ்ட் பண்ணிட்டு அழிக்க மறந்துட்டாங்க போல. எடுத்துடலாமா?"

எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் எறிந்திருப்பேன். போன் என் மகள் வாங்கிக் கொடுத்தது என்பதால் தப்பித்தது. அந்தப் பெயரை டெம்ப்ளேட்டில் போட்டவள் நான்தான். ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருப்பவளை மறுபடியும் வேலைக்குக் கூப்பிடுகிறீர்கள். சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

உங்களில் சிலர் நேற்றுத்தான் இந்த வேலைக்கு வந்திருப்பீர்கள், அதனால் முதலிலிருந்து. திருவொற்றியூரில் நம்முடையது சின்ன டிசைன் ஆபீஸ். டாங்கி, மேடை, பைப் தாங்கி என்று தொழிற்சாலைகளுக்கு வேண்டியதை வடிவமைத்துக் கொடுக்கிறோம். பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு தாங்கும் என்று மென்பொருள் கணக்குப் போடும். எங்கே தகடு வீணாக இருக்கிறதோ அங்கே இளைக்க வைக்கும். என்னென்ன சுமை எப்போதெல்லாம் வரும் என்ற பட்டியலை மட்டும் நாம்தான் கொடுக்க வேண்டும். நிறைந்த டாங்கி ஒன்று, காலி டாங்கி மேல் புயல் காற்று ஒன்று, நில அதிர்ச்சி ஒன்று. அந்த ஒவ்வொன்றும் ஒரு லோட் கேஸ். பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது.

அந்த மென்பொருளை ஆபீசுக்குள் கொண்டுவந்தவளும் நான்தான். எவரும் இறக்கிக்கொள்ளலாம், எவரும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். முதலாளிக்கு அதுதான் சந்தேகம். அவர் திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். விலைச்சீட்டு இல்லாத எதையும் அவர் ஒரு பொருளாகவே மதிக்க மாட்டார். "ஏம்மா, ஓசியில வர்றது ஓசி புத்தியைத்தானே காட்டும்?" என்பார். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய கணக்குகளையெல்லாம் எடுத்து அதில் ஓட்டி, கையால் போட்ட விடையோடு ஒத்துப்போகிறது என்று காட்டினேன். ஒரு வருடம் முழுக்க எங்கள் சண்டையெல்லாம் ஓசியா, காசா என்பதுதான். பட்டியலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு நாளாவது யாராவது சண்டை போட்டோமா? இல்லை. நானும் போடவில்லை.

அப்போதுதான் சடையங்குப்பத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையிலிருந்து வேலை வந்தது. பழைய எஞ்சின் ஆயிலை வாங்கிச் சுத்தம் செய்து விற்கிறவர்கள். உயரமான மேடையில் ஏற்கெனவே ஒரு பெரிய டாங்கி இருந்தது. அதன் பக்கத்தில், கீழே, அரையடி மேடையில் ஒரு சின்ன டாங்கி வைக்க வேண்டும். இரண்டையும் ஒரு பைப் இணைக்கும். நாங்கள் ஆண்டில் இருபது செய்கிற வேலை.

அளவெடுக்க நான் போனபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் கஸ்தூரி. அங்கே பம்ப் ஆபரேட்டர். என்னைவிட ஏழெட்டு வயது குறைந்தவள், வீடு அந்த யார்டு மதிலுக்கு அந்தப் பக்கம். காக்கிச் சட்டைக்கு மேல் சுடிதார் துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருந்தாள். டேப்பைத் தரையோடு தரையாக வைத்துப் பிடிக்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நம் ஆபீஸ் ஆட்களுக்கு இன்றுவரை அது வரவில்லை.

"மேடம், இங்க வெக்கப்போற டாங்கி காலியா கீறப்போ தண்ணி வந்தா இன்னா ஆவும்?" என்று கேட்டாள்.

நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிரவே இல்லை. "காலியா இருந்தா வெயிட்டே இல்லையேம்மா. நிறைஞ்சிருக்கும்போதுதான் பயம்" என்றேன்.

"இல்ல, எங்க வூட்ல மழைக்கு மின்னாடி காலி டிரம்மு எல்லாத்தையும் ரொப்பி வெச்சிருவோம். அதான் கேட்டேன்."

மழை வந்தால் குழாய்த் தண்ணீர் நின்றுவிடும், குடிக்கப் பிடித்து வைக்கிறார்கள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். "நல்லதுதான், பிடிச்சு வையுங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு அடுத்த அளவை எழுதினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்தால் இப்போதும் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

எட்டு லோட் கேஸ் கொடுத்தேன். மென்பொருள் தகட்டை இளைக்க வைத்தது, அடி வளையத்தைச் சின்னதாக்கியது, தரையோடு பிடிக்கும் எட்டு ஆங்கர் போல்ட்டை நான்காக்கியது. பழைய வடிவம் மூன்று டன்னுக்கு மேல். புதியது இரண்டு டன்னுக்கும் கீழே. எட்டிலும் பாஸ். திரையில் எங்கேயும் சிவப்பு இல்லை. முதலாளிகூட மெச்சினார். நான் அன்றைக்கு ஆபீசுக்கே பால்கோவா வாங்கினேன்.

இரண்டு மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் ஆயிற்று.

புயல் எச்சரிக்கை வந்ததும் அந்தத் தொழிற்சாலை மேனேஜர் ஒரு நல்ல காரியம் செய்தார். ஆம், நல்ல காரியம்தான், அவரைத் திட்ட எனக்கு வாயில்லை. எண்ணெய் வெள்ளத்தில் கலந்தால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரில் ஏறிய கறை சுண்ணாம்பு அடித்தாலும் மேலே வரும். அதனால் கீழே இருக்கும் சின்ன டாங்கியில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்கக் கூடாது என்று, எல்லாவற்றையும் மேடையில் இருக்கும் பெரிய டாங்கிக்கு ஏற்றச் சொன்னார். ஏற்றினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மறுநாள் காலை பத்து மணி. காலடிப்பேட்டையிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து நான் ஆபீசுக்கு வந்து சேலையைப் பிழிந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. கஸ்தூரி.

"மேடம், உங்க டாங்கி ஆடுது."

"காத்துலயா?"

"காத்து இன்னா காத்து. மெதக்குது மேடம். ஒரு பக்கம் தூக்கிகினு கீது. பைப்பு வளையுது."

டாங்கி மிதந்து நகர்ந்தால் பைப்பை இழுக்கும். வால்வை மூடியிருந்தாலும், அந்த இழுப்பில் பெரிய டாங்கியின் வாயே பிய்ந்து வந்துவிடும். அந்த டாங்கியில்தான் எல்லா எண்ணெயும். மதிலுக்கு அந்தப் பக்கம் சடையங்குப்பத்துத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். ஆட்கள் கட்டில் மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"கரண்டு கட் பண்ட்டாங்க, பெரிய பம்பு ஓடாது" என்றாள். "டீசல் என்ஜின் ஒண்ணு ஓடிகினு கீது. யார்டு தண்ணிய செவுத்துக்கு அந்தாண்ட ஊத்திகினு கீது. அந்தாண்ட எங்க வூடு, அது வேற பேஜாரு. அந்த ஓஸ் கொழாய டாங்கி உள்ள திருப்பட்டா? மேனேஜர் சாரு வாணாம்ன்றாரு. ஆயில் டாங்கில தண்ணி வுட்டா மேல கேப்பாங்களாம். டிசைன் பண்ணவங்க சொல்லணுமாம்."

டிசைன் பண்ணவள் நான். என்ன சொன்னேன் தெரியுமா? "பத்து நிமிஷம் பொறும்மா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு விடை தெரியும். வாளியைக் கவிழ்க்காமல் தொட்டித் தண்ணீரில் அழுத்திப் பார்த்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் முப்பது வருட சர்வீஸ் வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது. சாய்ந்து நிற்கும் டாங்கியில் தண்ணீர் விட்டால் இன்னும் சாய்ந்துவிடுமோ, நான் இளைக்க வைத்த தகடு வெளி அழுத்தத்தில் நசுங்குமோ, நாளைக்கு யாராவது கேட்டால் காகிதம் எங்கே என்று ஆயிரம் யோசனை. கூடவே ஒரு ஆளும் இருந்தான், டேனியல். இன்றைக்கு உங்களுக்கெல்லாம் சீனியர், அன்றைக்குச் சேர்ந்து ஆறு மாதம். "மேடம், மாடல் ரெடியா இருக்கு. அடியில மேல்நோக்கிப் பிரஷர் போட்டு ஒரு ரன் எடுத்துடறேன்" என்றான். எடு என்றேன்.

அவன் தட்டிக்கொண்டிருக்கும்போது நான் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் போட்டேன். டாங்கியின் அடிவட்டம், அந்த மட்டத்துக்கு மேல் சுமார் ஒன்றரை அடித் தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன். தூக்குகிற விசை மூன்று டன்னை நெருங்குகிறது. டாங்கியின் எடை இரண்டு டன்கூட இல்லை. வெளியே எவ்வளவு உயரம் தண்ணீரோ அவ்வளவு உள்ளேயும் இருந்தால் டாங்கி உட்கார்ந்துவிடும். இரண்டு வரி. இதற்கு ஒரு கணினியும் வேண்டாம், ஓசியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

"மேடம், எர்ரர் வருது" என்றான் டேனியல்.

"என்ன எர்ரர்?"

"போல்ட் பிடுங்கிக்கிச்சுன்னு போல்ட்டை எடுத்துட்டு ஓட்டினேன். எதுவும் பிடிக்கலை, பொருள் கட்டில்லாம நகருது, கணக்கு போட முடியாதுன்னு நின்னுடுச்சு. ஒண்ணும் பிரச்சினை இல்லை, அடியை பிக்ஸ் பண்ணிட்டு மறுபடி ஓட்டறேன்."

"டேய், அது எர்ரர் இல்லடா, அதுதான் பதில்!" என்று கத்தினேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. இந்த ஆபீசில் அன்று உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அந்த ஓசி மென்பொருள்தான். டாங்கியை எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று சிவப்பு எழுத்தில் சொல்கிறது. இவன் அதற்குக் கீழே ஒரு ஆணி அடித்து வாயை மூடப் பார்க்கிறான். நீங்களும் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். எர்ரர் வந்தால் ஏன் வந்தது என்று கேட்பதில்லை, எதையாவது பிக்ஸ் பண்ணி அதை ஓட வைக்கிறீர்கள்.

அதற்குள் மேனேஜர் லைனில் வந்தார். "எழுத்துல கொடுங்க மேடம்." கொடுத்தேன். "டாங்கியில் உடனே தண்ணீர் நிரப்பவும். பொறுப்பு என்னுடையது." அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால், கஸ்தூரி போன் செய்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"ரொப்பும்மா, ரொப்பிடு!"

"ஓஸ் உள்ளதான் மேடம் கீது. நீங்க போன வெச்சவொடனே திருப்பிட்டேன். டாங்கி குந்திகிச்சு." பின்னால் என்ஜின் சத்தம். "கரெக்ட்டா மேடம்?"

"கரெக்ட்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். டேனியல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அவள் எப்படி ஓஸ் குழாயை உள்ளே விட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாய் மேலே இருக்கிறது. ஆடிக்கொண்டிருந்த டாங்கியின் ஏணியில், ஓஸ் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறாள். கீழே ஒரே ஒரு ஆள் ஏணியைப் பிடித்திருந்தாராம். நான் இங்கே மின்விசிறிக்கடியில் மாடல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வடிந்து நாலாம் நாள் விசாரணை. பைப் வளைந்திருந்தது, பிய்யவில்லை. இரண்டு போல்ட் கான்கிரீட்டோடு பிடுங்கிக்கொண்டிருந்தன. மேனேஜர், நம் முதலாளி, நான் மூன்று பேரும் மேசையில். கஸ்தூரி கதவோரம் நின்றாள். அவள் கையில் ஒரு மெமோ. அனுமதியில்லாமல் ஆயில் டாங்கியில் வெள்ளத் தண்ணீர் விட்டதற்கு விளக்கம் கேட்டு. என் மெயில் வந்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே அவள் திருப்பிவிட்டாள் என்பது குற்றம். வேலையை விட்டு நிறுத்தக்கூட முடியும் என்றார் மேனேஜர். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. மேலே யாரோ கேட்கிறார்கள், யாரையாவது காட்ட வேண்டும்.

டாங்கி ஏன் மிதந்தது என்பதற்கு மட்டும் எல்லோரிடமும் விடை தயாராக இருந்தது. முதலாளி என் பக்கம் சாய்ந்து, "சாப்ட்வேர் கோளாறுன்னு எழுதிக் குடுத்துருங்கம்மா. ஓசி சாப்ட்வேர், அதுக்கு ஆளா பேரா? எல்லாரும் தப்பிச்சுக்கலாம்" என்றார். மேனேஜரும் தலையாட்டினார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். மேடை வந்து எதிர்த்துப் பேசவா போகிறது?

ஒரு நிமிடம் நான் ஊசலாடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அப்போது கஸ்தூரி கதவோரத்திலிருந்து கேட்டாள்: "சாரு, எல்லாரும்ன்றீங்களே, அதுல நானும் கீறனா?"

அவள் அதில் இல்லை. சாப்ட்வேர் தப்பு என்று எழுதினாலும் அவள் மெமோ அப்படியேதான் இருக்கும்.

எனக்கு வந்த ஆத்திரம் அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி. எழுதினேன், படித்தும் காட்டினேன். மென்பொருளில் தவறில்லை. வெள்ளத்தில் காலி டாங்கி என்ற நிலையை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. டிசைன் தொடங்கும் முன்பே ஆபரேட்டர் கஸ்தூரி இதே கேள்வியை என்னிடம் கேட்டார், நான் காதில் வாங்கவில்லை. விபத்தன்று அவர் செய்தது சரி. நான் சொல்லும்வரை அவர் காத்திருந்தால் பைப் பிய்ந்திருக்கும்.

"அப்போ பொறுப்பு நீங்கதானா?" என்றார் மேனேஜர்.

"நான்தான்" என்றேன். மேசைக்கு அடியில் முதலாளி என் காலை மிதித்தார். வலித்தது.

அதன் விளைவு உங்களில் பழையவர்களுக்குத் தெரியும். கடைசி வருடம் முழுக்க எந்த வரைபடத்திலும் என் கையெழுத்து கேட்கப்படவில்லை. அவமானமாகத்தான் இருந்தது. பெருந்தன்மையாகச் சொல்ல எனக்கு வராது. கஸ்தூரியின் மெமோவைப் பத்து நாள் கழித்துச் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பாராட்டெல்லாம் யாரும் சொல்லவில்லை.

விசாரணை முடிந்த அன்றைக்கே அவளோடு அவள் வீட்டுக்கு நடந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன், வழியெல்லாம் மழையைப் பற்றியே பேசினேன். தெருவில் பாயும் பாத்திரமும் காய்ந்துகொண்டிருந்தன. சுவரில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக் கோடு இருந்தது, எண்ணெய்க் கறை இல்லை. அவள் வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் மல்லாக்கப் படுத்திருந்தது. வாசலில் இரண்டு வட்டத் தடம் மட்டும் இருந்தது, டிரம் நின்ற இடம்.

"டிரம் எங்கே? மழைக்கு முன்னாடி ரொப்பி வைப்பேன்னு சொன்னியே" என்றேன்.

"எப்பவும் நான்தான் ரொப்புவேன். வூட்ல வேற ஆள் இல்ல" என்றாள். "அன்னிக்கு நான் உங்க டாங்கியத்தான ரொப்பிகினு இருந்தேன். ரெண்டு டிரம்மும் மெதந்து போச்சு. பொண்ணு கண்ணாலத்துக்கு வெச்சிருந்த துணி மூட்டைய அதுல ஒண்ணுத்துலதான் வெச்சிருந்தேன், மேடம். எலி கடிக்காதுன்னு. எடுத்து பரண்ல வெச்சிட்டு ரொப்பலாம்னு இருந்தேன்."

தேடலாம் என்றேன். கால்வாயா, கொசஸ்தலையா, கடலா, எங்கே போய்த் தேடுவது என்று அவள் சிரித்தாள். பிறகு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் ஆபீசுக்கு வந்ததும் டெம்ப்ளேட்டைத் திறந்து ஒன்பதாவது லோட் கேஸை எழுதினேன். வெள்ளம், காலி டாங்கி. பெயர் கேட்கும் இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். வெயிட் குறைய மாட்டேன் என்கிறது என்கிறீர்கள். குறையாமல் இருக்கத்தான் அது அங்கே இருக்கிறது. நீங்கள் இப்போது செய்கிற மீஞ்சூர் வேலை மேட்டுப் பூமி, தண்ணீர் வராது என்று உங்கள் செய்தியில் ஒரு வரி வேறு. நானும் ஒருத்தியிடம் நிமிராமல் இப்படித்தான் ஒரு வரி சொன்னேன்.

எடுக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு இப்போது அதிகாரம் இல்லை. எடுங்கள். ஆனால் எடுப்பதற்கு முன் யாராவது ஒருவர் சடையங்குப்பத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். யார்டு மதிலை ஒட்டிய மூன்றாவது வீடு. வாசலில் புதிதாக இரண்டு நீல டிரம் இருக்கும், மழைக்காலம் என்றால் தண்ணீர் நிரம்பியிருக்கும். உன் பெயரை எடுக்கிறோம், வெயிட் குறைய வேண்டியிருக்கிறது என்று அவளிடமே சொல்லிவிட்டு வந்து எடுங்கள்.